திரைக்கு இந்தப் பக்கம்

…ஆனாலும் றொனால்ட் அதை இன்றைக்குக் கேட்டிருக்க வேண்டாம், அதுவும் கறுப்புச் சேலை உடுத்துக் கதவடியில் சப்பாத்துப் போடக் குனிந்த நேரத்தில், வேறொருவருடைய நாற்பதாம் நாளுக்குப் போகிறவளிடம்… என்று கொன்சலற்றா நினைத்தாள், நினைத்தபடியே அந்த ஆர்மேனியக் கோவிலில் மடியிலிருந்த செபப் புத்தகத்தைத் தலைகீழாக வைத்திருப்பதைக் கண்டு நிமிர்த்தினாள், நிமிர்த்தினாலும் ஒன்றுதான், கொக்கியும் வளைவுமாக நிற்கும் ஆர்மேனிய எழுத்தில் அவளுக்கு ஒன்றும் தெரியாது. கிழக்கு லண்டன் பார்க்கிங்கிலிருந்து சவுத் கென்சிங்டன் வரைக்கும் ரெயிலில் முக்கால் மணித்தியாலமாக அதே கேள்விதான் காதுக்குள். “மே மாசம் டெனுசனுக்கு ஒரு பூசை ஒப்புக்குடுப்பம், கொன்சலா. ஃபாதரிட்டை நான் கதைக்கிறன்.” என்ன பூசை என்று கேட்டாள். ஆத்தும இளைப்பாற்றி என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை, தொட்டிக்குள் கிடந்த கோப்பையைப் பார்த்துக்கொண்டு, “பதினாறு வருசமாகப் போகுது” என்றார். “என்ரை பிள்ளை செத்தவன் எண்டு உங்களுக்கு ஆர் வந்து சொன்னது?” என்று கேட்டுவிட்டு அவள் கதவைச் சாத்தினாள், கொஞ்சம் பலமாகவே சாத்திவிட்டாள், பஸ் தரிப்பிடத்துக்குப் போகும் வழியில் அந்தச் சத்தம் கூடவே வந்தது. அந்த மனிசனும்தான் என்ன செய்யும், தகப்பன்தானே, பெற்ற பிள்ளையைப் பற்றிக் கேட்பதற்கு நல்ல நேரம் என்று ஒரு நேரம் இருக்கிறதா என்ன?

பீடத்தை மறைத்து மேலிருந்து கீழ்வரை ஊதா நிறத் திரை தொங்கியது, அது முழுத் தவக்காலத்துக்கும் திறக்காதாம், குருத்து ஞாயிறன்றுதான் திறக்குமாம், குருவானவர் திரைக்கு அந்தப் பக்கம் நின்று பாடிக்கொண்டிருந்தார், இந்தப் பக்கம் குரல் மட்டும் வந்தது. இதுவரைக்கும் அவள் பார்த்த கோவில்களில் இதுதான் உண்மையைச் சொல்கிற கோவில் என்று அவளுக்குப் பட்டது… நாங்கள் இந்தப் பக்கம், நடப்பது எல்லாம் அந்தப் பக்கம். போன வருடம் இதே நாட்களில் ஷுஷானை சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தபோது சரியாக விளங்கவில்லை. மூன்று வருடம் அந்த ஆர்மேனியக் கிழவியைக் குளிப்பாட்டி, உடுப்பு மாற்றி, மாத்திரை கொடுத்து, ஞாயிறுதோறும் இங்கே கொண்டுவந்து, திரும்பக் கொண்டுபோய்ப் படுக்க வைத்து… அது வேலை, ஏஜென்சி அனுப்பிய வேலை, ஆனால் வேலையென்றால் ஏன் நாற்பதாம் நாளுக்கு லீவு எடுத்துக்கொண்டு வந்திருக்கிறாள்? பக்கச் சுவரில் அந்தக் கற்சிலுவை இருந்தது, கொடியும் இலையுமாகச் செதுக்கின சிலுவை, அதில் யேசு இல்லை. முதல் நாளே அவள் ஷுஷானிடம் கேட்டிருக்கிறாள், உங்கடை சிலுவையிலை ஏன் உடம்பு இல்லை என்று. ஊரில் பாசையூர்க் கோவிலில் பார்த்துப் பழகின சிலுவையில் முழங்கால் உரசின காயம்கூடத் தெரியும். உயிர்த்துப் போய்விட்டார், அதனால் இல்லை, என்றாள் ஷுஷான், இவ்வளவும் தெரியாதா என்கிற மாதிரி. உடம்பு இல்லாததெல்லாம் உயிர்த்ததாக ஆகிவிடுமா? அதிகாலையில் கல்லறைக்குப் போன பெண்களுக்கு உடல் இல்லையென்றதுதான் நற்செய்தி. அவர்களுக்கு அதைச் சொல்ல வெள்ளை உடுப்போடு ஓர் ஆள் உட்கார்ந்திருந்தான். கொன்சலற்றாவுக்கு ஆர் இருந்தது, மகனைத் தேடிப் போன கிளிநொச்சியில் ஓர் அலுவலகம், வவுனியாவில் ஓர் அலுவலகம், கொழும்பில் ஒரு மேசை, மேசைக்குப் பின்னால் ஒருவன், அவனும் சாப்பிடப் போய்விட்டான்.

அந்தோனியாரிடம் அவள் கேட்காத நாள் இல்லை. வீட்டுத் திறப்புத் தொலைந்தாலும் பாஸ்போட் தொலைந்தாலும் கண்டுபிடித்துத் தருகிறவர், மகள் லக்‌ஷிகாவின் தோட்டைக்கூட தூசி உறிஞ்சும் ஹூவரின் பையிலிருந்து எடுத்துத் தந்தவர், இதை மட்டும்… சரி, இப்போது அவரிடமும் கேட்பதில்லை, எப்போதிருந்து கேட்பதில்லை என்று யோசித்தாள், பிடிபடவில்லை. வாய் செபம் சொல்கிறது, அவ்வளவுதான். பாடகர் குழு ஏதோ பாடியது, ஒரு சுரத்தைத் தரையிலேயே வைத்துக்கொண்டு மற்றக் குரல்கள் அதற்கு மேலே ஏறி ஏறி இறங்கின, இறங்கிய இடத்தில் ஷுஷானின் மகள் தாலின் பக்கத்தில் வந்து குந்தினாள், கையில் ஒரு சிறிய வெள்ளைத் தாளும் பேனையும். அம்மாவுக்கான மன்றாட்டில் மற்றவர்களின் பெயர்களும் வாசிப்பார்கள், உன்னுடைய இறந்தவர்களையும் எழுது, அம்மா சந்தோசப்படுவாள், என்று காதுக்குள் ஆங்கிலத்தில் சொன்னாள். கொன்சலற்றா தாளை வாங்கினாள். வாங்கியிருக்கக் கூடாது. சும்மா ஏதாவது கேட்க வேண்டும் என்பதற்காக, உன்ரை தாத்தாவின் காணாமல் போன தங்கச்சியின் பெயரையும் எழுதினாயா என்று கேட்டாள். தாலின் தலையை ஆட்டினாள், இல்லை, ஆர்மேனியப் படுகொலையில் போன ஆட்களுக்கு இப்போது இளைப்பாற்றி கேட்பதில்லை, பத்து வருடத்துக்கு முன் திருச்சபை அவர்கள் எல்லோரையும் புனிதர்களாக அறிவித்துவிட்டது, இனி அவர்கள்தான் எங்களுக்காக மன்றாட வேண்டும். சொல்லிவிட்டு எழுந்து மற்றவர்களிடம் போய்விட்டாள். புனிதர்களாம்… எங்கடை ஆட்களை இன்னும் செத்தவர்களாகக்கூட ஒருத்தரும் ஆக்கவில்லையே.

அந்தத் தங்கச்சியின் பெயர் ஸபேல். ஷுஷான் ஒருநாள், கால் நகம் வெட்டிக்கொண்டிருந்தபோது சொன்னது. நூறு வருடத்துக்கு முன் பட்டாளம் ஆர்மேனிய ஆட்களைப் பாலைவனத்துக்கு நடத்திக்கொண்டு போன வழியில் ஏழு வயதுப் பிள்ளை கை நழுவிப் போனது, கையைப் பிடித்திருந்தது ஷுஷானின் தகப்பன், அவருக்குப் பதினொன்று. அலெப்போவில் அநாதை விடுதியில் வளர்ந்து, பெய்ரூட்டில் செருப்புக் கடை வைத்து, அறுபது வருடம் அந்தப் பெயரைக் கோவிலில் வாசிக்க விடவில்லையாம், எங்கேயோ ஒரு கூடாரத்தில் கல்யாணம் கட்டிப் பிள்ளைகளோடு இருப்பாள் என்றே சொல்லிக்கொண்டிருந்தாராம். அவர் செத்த நாற்பதாம் நாள் ஷுஷான் இரண்டு பெயரையும் ஒரே தாளில் எழுதிக் கொடுத்தாள். அழவில்லையா என்று கொன்சலற்றா கேட்டாள். இல்லை, நான் அவளைக் கண்டதே இல்லையே, கடைக்குச் சாமான் எழுதிக் கொடுக்கிற மாதிரி இருந்தது, என்று ஷுஷான் மற்றக் காலை நீட்டினாள். அறுபது வருடம் ஒரு மனிதன் கதவைத் திறந்து வைத்திருக்கிறான், பிறகு ஒருத்தி வந்து காற்று வருகிறது என்று சாத்திவிட்டுப் போகிறாள். லக்‌ஷிகா எழுதுவாள். தமையன் போனபோது அவளுக்குப் பன்னிரண்டு, இப்போது கேட்டால் அண்ணாவின் முகம் போட்டோவில் பார்த்த முகம்தான் ஞாபகம் வருகுது அம்மா என்கிறாள், அவள் ஒருநாள் அப்பா, அம்மா, அண்ணா என்று மூன்று பெயரையும் ஒரு மின்னஞ்சலில் தட்டி அனுப்புவாள். ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லாமல். அல்லது எழுதவே மாட்டாள்.

பேனை நன்றாக எழுதியது. அம்மாவின் பெயரை எழுதினாள், மார்கிரேட். அப்பு, சூசைப்பிள்ளை. ஆங்கில எழுத்தில், பெரிய எழுத்தில், வாசிக்கிறவனுக்கு விளங்க வேண்டுமே. அப்படித்தான் அன்றைக்கும்… முள்ளிவாய்க்காலுக்கு அந்தப் பக்கம், வெயிலில், கம்பி வேலிக்கு முன்னால், இயக்கத்திலை ஒருநாள் இருந்தவையும் வந்து பதியுங்கோ என்று ஆமியின் ஒலிபெருக்கி சொல்லிக்கொண்டிருந்தது, டெனுசன் இருந்தது ஐம்பத்திரண்டு நாள், அதுவும் பிடித்துக்கொண்டு போய் வைத்திருந்தது, பத்தொன்பது வயது. அவன் அசையவில்லை. “அம்மா, பேசாமல் உங்களோடை வாறனே, சனத்தோடை சனமா” என்றான். அவள்தான் பயந்தாள், பிறகு ஆராவது காட்டிக் கொடுத்தால் என்ன ஆகும் என்று, அவள்தான் அவன் முதுகில் கை வைத்து, “போ மகன், எங்கடை கோவில் ஃபாதரும் வாறார்தானே, பேரைப் பதிஞ்சுபோட்டு வந்திடலாம்” என்றாள். பதிகிறவனுக்குப் பெயர் பிடிபடவில்லை. கொன்சலற்றா குனிந்து ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லிக் கொடுத்தாள், பிழையாக எழுதினால் பிறகு தேட ஏலாது என்று. சரியாகத்தான் எழுதினான், பார்த்தாள். பிறகு பஸ் வந்து ஏற்றிக்கொண்டு போனது, அதற்குப் பிறகு அவனைக் கண்டவர் இல்லை. அன்றைக்கு அங்கே இல்லாத றொனால்டுக்கு இது தெரியாது. அவனாகப் போய் ஏறினான் என்றுதான் சொல்லியிருக்கிறாள், பதினாறு வருடமாக, பாவசங்கீர்த்தனத்திலும் அப்படித்தான்.

சுவாமி, நீர் எங்கே இருந்தீர், என்று கேட்டுப் பார்த்தாள், கேட்கிறபோதே அது பழைய கேள்வி என்று தெரிந்தது, தேய்ந்துபோன கேள்வி. திரைக்கு அந்தப் பக்கம் மணி ஒலித்தது. கோவில் உதவிக்காரன், தாடி வைத்த ஒரு திருத்தொண்டன், வரிசை வரிசையாகத் தாள்களைச் சேர்த்துக்கொண்டு வந்தான், அவன் கை நீட்டுவதற்கு முன் அவள் மூன்றாவது பெயரை எழுதி முடித்திருந்தாள். எழுதியது அவள்தானா? ஷுஷானின் பிழை, றொனால்டின் பிழை… தாள் போய்விட்டது. எழுந்து ஓடிப்போய்ப் பறிக்கலாம், கறுப்புச் சேலையோடு ஒரு தமிழ்ப் பொம்பிளை நடுக்கோவிலில் திருத்தொண்டனின் கையைப் பிடித்து இழுப்பதை எல்லோரும் பார்ப்பார்கள், பார்க்கட்டும், ஆனால் அவள் பேனையின் மூடியைப் போட்டாள்.

கடைசியில் குருவானவர் திரைக்கு முன்னால் வந்து நின்றார், சாம்பிராணி போட்டார்கள், திருத்தொண்டன் வாசிக்கத் தொடங்கினான். முதலில் ஷுஷான். தாலின் தலை குனிந்தாள். பிறகு ஹாக்கோப், வார்த்துஹி, ஸாரே, கரபெத், கேட்டிராத பெயர்கள், ஆனால் ஒவ்வொரு பெயருக்கும் எங்கேயோ ஒரு தலை குனிவது தெரிந்தது. கொன்சலற்றா முன் வரிசை வாங்கின் விளிம்பைப் பிடித்தாள். மார்கிரேட் என்றான். சூ… சூசை… என்று தடுமாறி ஒருவழியாகச் சொன்னான். பிறகு தாளைக் கொஞ்சம் கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோனான். அவன் அந்தத் தாளை அடியில் வைத்துவிட்டு அடுத்த தாளை எடுத்தான், அந்திரானிக் என்றான், மரோ என்றான், பெயர்கள் தொடர்ந்து போயின. அப்போதுதான் விளங்கியது, முதல் இரண்டையும் ஆங்கிலத்தில் எழுதியவள் மூன்றாவதைத் தமிழில் எழுதியிருக்கிறாள். வேண்டுமென்றா? கை தன்பாட்டில் அப்படிச் செய்ததா? அவனுக்கு அது ஏதோ கிறுக்கலாக, பேனை ஓடுதா என்று பார்த்த கீறலாகத் தெரிந்திருக்கும்.

கீழ் மண்டபத்தில் பெரிய சட்டிகளில் பருப்பும் சோறும், சோறு அடைத்து எண்ணெயில் வேகவைத்த திராட்சை இலைச் சுருள்களும் இருந்தன, தவக்காலம் என்பதால் இறைச்சி இல்லை. தாலின் ஒரு தட்டை அவள் கையில் வைத்தாள், உன்னுடைய பெயர்கள் எல்லாம் வாசித்தானா, அவன் புதியவன், விட்டிருந்தால் சொல், கூப்பிட்டு இப்போதே ஒரு சிறு செபம் சொல்ல வைக்கிறேன், என்றாள். திருத்தொண்டன் நாலு அடி தள்ளி நின்று இலைச் சுருளைக் கடித்துக்கொண்டிருந்தான். எல்லாம் வாசித்தான் என்று கொன்சலற்றா சொன்னாள். தாலின் அவள் கையை அழுத்திவிட்டு அடுத்தவரிடம் போனாள். வாசிக்கவில்லை, அப்படியென்றால் டெனுசன் இன்னும்… என்று மனதைப் பழைய இடத்தில் கொண்டுபோய் வைக்கப் பார்த்தாள், அது நிற்கவில்லை. அவன் தாளை அடியில் வைத்த அந்த நேரத்தில் தனக்கு வந்தது நிம்மதி அல்ல என்பதை அவள் இப்போதுதான் கண்டாள். வரிசையில் காத்திருந்து, தன் முறை வந்ததும் யன்னலைச் சாத்திவிட்டால் வருமே, அப்படி ஓர் ஆத்திரம்தான் வந்தது. பெற்றவளுக்கு அப்படியும் வருமா? சோற்றில் ஒரு கரண்டி எடுத்தாள், உப்புக் குறைவாக இருந்தது, பக்கத்தில் இருந்த யாரோ ஒருவர் நகர்ந்து அவளுக்கு வாங்கில் இடம் விட்டார், அவள் இருக்கவில்லை, இருந்தால் எழும்ப ஏலாது போலிருந்தது.