ரேவதியிடம் முறை வைத்த வீடு

சின்ன காஞ்சிபுரத்தில் நான் நெட் சென்டர் திறந்த புதிதில், மோடம் போடும் கூச்சலுக்குக் கோயில் யானை பதில் கொடுக்கும். பொய் என்பவர்கள் யானையைக் கேட்டுக்கொள்ளலாம். வேகமும் அப்படித்தான். ஒரு வீட்டார் அமெரிக்க வரனின் போட்டோவைத் திறந்தார்கள். நெற்றியிலிருந்து கீழிறங்கி மீசை வந்து சேர்வதற்குள் பெண்ணுக்குச் செவிலிமேட்டில் வேறு இடம் முடிந்து தாம்பூலமும் மாற்றிவிட்டார்கள்.

இதையெல்லாம் நான் தாராளமாக நம்புகிறேன். இனிமேல் சொல்லப்போவதைத்தான், கண்ணால் பார்த்தும், என்னால் இன்னும் நம்ப முடியவில்லை.

இரண்டாயிரத்து மூன்றாம் வருஷம். ஸௌந்தரராஜன் என்ற பெரியவர், கோயிலில் பெருமாள் முன்னால் பாசுரம் சேவிக்கும், அதாவது பாடும், கோஷ்டியில் முன்வரிசைக்காரர். அவர் குரலெடுத்தால் கோபுரத்துப் புறாக்கள் எழுந்து இடம் மாறி உட்காரும். மகன் ரங்கநாத் விடியற்காலை ரயிலேறிச் சென்னையில் கம்ப்யூட்டர் வேலைக்குப் போய் வருவான். மருமகள் ஸுஷ்மா. பேரன் அபிநவ்வுக்கு நாலு வயது, இன்னும் ஒரு வார்த்தை பேசவில்லை. சென்னை டாக்டர் ஆட்டிசம் என்று பெயர் சொன்னார், பயிற்சிகள் சொன்னார், பிறகு மூன்று பேரையும் ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "குழந்தை நல்லாத்தான் இருக்கான். நீங்கதான் ஒடிஞ்சு போயிருக்கீங்க" என்று ஓர் இணையதளத்தைக் காட்டினார். இப்படிப்பட்ட குழந்தைகளின் வீட்டாரோடு எழுத்திலேயே பேசி வழி சொல்ல அங்கே ஆலோசகர்கள் இருந்தார்கள். கட்டணம் கிடையாது.

பதிவு செய்ய ஈமெயில் வேண்டும். ஆளுக்கு ஒன்று போடவா என்று கேட்டேன்.

"ஆத்துக்கு ஒரு ரேஷன் கார்டு, ஒரு ஃபோன். இதுக்கு மட்டும் எதுக்கு ஓய் மூணு?" என்றார் ஸௌந்தரராஜன்.

நியாயம். குடும்பத் தலைவர் பெயரில் ஒன்றே ஒன்று போட்டேன். யார் எப்போது பேசுவது? கோயில் கைங்கரியக்காரர்களுக்கு அதில் குழப்பமே வராது. முறை வைத்துக்கொண்டார்கள். திங்கள் பெரியவர், புதன் ஸுஷ்மா, ஞாயிறு ரங்கநாத். அந்தப் பக்கம் எப்போதும் ரேவதி என்ற ஒருத்திதான். எந்த ஊரோ, என்ன வயதோ, தெரியாது. பெயர் ஒன்று, ஆள் மூன்று என்று அவளிடம் யாரும் சொல்லவில்லை. மறைக்கவில்லை, சொல்ல வேண்டுமென்று தோன்றவில்லை. இன்றைக்கு முறைக்காரர் மாறியிருக்கிறார் என்று பெருமாளிடம் யாராவது போய் அறிவிக்கிறார்களா?

ஆக, ரேவதிக்குத் தெரிந்த ஸௌந்தரராஜன் அறுபத்தெட்டு வயதில் பாசுரம் சேவிப்பவர், ரயிலில் நின்றுகொண்டே சென்னைக்குப் போகிறவர், இருட்டோடு எழுந்து கோலம் போட்டு வீட்டுக்கே சமைப்பவர். இவ்வளவும் ஒரே ஆள் செய்தால் ஒடிந்து போகாமல் என்ன செய்வார் என்று அவளுக்குத் தோன்றியிருக்க வேண்டும். முதல் சில வாரங்கள் பேச்சு முழுக்கக் குழந்தையின் பயிற்சியைப் பற்றியே போனதால் பிசகு தெரியவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, ரங்கநாத் பேசி முடித்துவிட்டும் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தான்.

"என்னாபா, ஞாயித்துக்கெழம கூட ரயிலா தவறிப் போச்சு?" என்றேன்.

"வெள்ளிக்கிழமை அபிநவ்வோட நக்ஷத்திரப் பிறந்தநாள் அங்கிள். அது முடிஞ்சதும் சனிக்கிழமை ஸுஷ்மா அவனைக் கூட்டிண்டு ஸ்ரீரங்கம் போறா, அவ அம்மா ஆத்துக்கு. திரும்பி வரமாட்டா. ஏன்னு கேட்டா துணியை மடிச்சுப் பெட்டியில வெக்கறா."

மறுநாள் பெரியவர் முறை. அவருக்குத் தட்டச்சு வராது. அவர் சொல்வார், நான் அடிப்பேன். ரேவதி எழுதினதைப் படித்தும் காட்டுவேன். அன்றைக்கு யோசிக்காமல் படித்துவிட்டேன்.

"குழாயைத் திறந்துவிட்டுக் குளியலறையில் நின்று அழுவதாகப் போன வாரம் எழுதியிருந்தீர்கள். இப்போது எப்படி இருக்கிறது?"

"யாரு அழறா?" என்றார்.

"வேற யாருதோ வந்து கலந்துக்கினு இருக்குது சாமி."

"கலக்கறதுக்கு இதென்ன பாலா? திரும்பப் படியும்."

படித்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"விடிகாலைல எங்காத்துக் குழாய் ஓடிண்டே இருக்கும். ஸுஷ்மா ஜலத்தை வீணடிக்கறான்னு நான் சத்தம் போடுவேன்."

"அழறது நான் இல்லன்னு போட்டுடட்டா சாமி?" என்றேன்.

"நான் இல்லேன்னா அவதான்னு ஆயிடும். நம்பிச் சொன்ன பொண்ணைக் காட்டிக்கொடுக்கச் சொல்றீரா? ஆமாம், இப்பவும் அழறேன்னு போடும்."

போட்டேன். கதவைத் தட்டி யாராவது கேட்டார்களா என்று ரேவதி கேட்டாள்.

"இல்லே. குழாயை மூடுன்னு மாமனார் கத்தினார்."

அறுபத்தெட்டு வயதுக்காரருக்கு மாமனார் உயிரோடிருந்தால் அவருக்கு நூறு வயதாவது இருக்கும். இந்த வயதிலும் கத்துகிறார் என்றால் நல்ல தேகக்கட்டு. ரேவதி அதைக் கண்டுகொள்ளவே இல்லை. "அவர் சொன்னதில் உங்களுக்கு மிகவும் வலித்தது எது?" என்று கேட்டாள்.

பெரியவர் மடியிலிருந்த கண்ணாடியை வேஷ்டி நுனியால் துடைத்தார். பேசியபோது அந்தக் குரலை நான் அதற்குமுன் கேட்டதில்லை. புறாக்களை எழுப்பும் குரல் இல்லை அது.

"பந்தியிலே எல்லார் முன்னாடியும் சொன்னார். தலைமுறை தலைமுறையா பெருமாள் முன்னாடி வாய் திறந்த வம்சம் எங்களோடது, இந்த ஊமை எங்க பக்கத்துது இல்லே, வந்தவ கொண்டுவந்ததுன்னார். அப்போ நான் நெய் பரிமாறிண்டிருந்தேன். கை நடுங்கித்து. நடுங்கினதை அவர் பார்த்தார். பார்த்துட்டு சாப்பிட்டார்."

சாமி வந்து ஆடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அது வேறு. இங்கே ஒரு மனிதர் அசையாமல் நாற்காலியில் உட்கார்ந்து, இன்னொருத்தியின் நெஞ்சுக்குள் போய் நின்றுகொண்டு, அங்கிருந்து தன்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்படியே அடித்து அனுப்பினேன். ரேவதி அடுத்ததைக் கேட்டாள்.

"அவர் என்ன செய்தால் உங்கள் மனம் ஆறும்?"

"அவரால ஆகாது."

"ஆகுமா என்று நான் கேட்கவில்லை. என்ன செய்தால் ஆறும்?"

"சொன்ன இடத்துலேயே, அத்தனை பேர் முன்னாடியும், தப்புன்னு சொல்லணும்."

அதற்குமேல் உட்காரவில்லை. வாசலில் விட்ட செருப்பைக்கூட மாட்டாமல் நடந்தார்.

புதன்கிழமை ஸுஷ்மா வந்தாள். இதுதான் கடைசி, ரேவதியிடம் சொல்லிக்கொண்டு போக வந்தேன் என்றாள். திங்கட்கிழமை பேச்சை, மாமனார் தப்பென்று சொல்ல வேண்டும் என்றது வரைக்கும், ரேவதி திரும்ப எழுதிக் கேட்டிருந்தாள். அதைப் படித்தவள் என் பக்கம் திரும்பினாள்.

"அங்கிள், பந்தியில நடந்தது இவளுக்கு எப்படித் தெரியும்? நான் எழுதவே இல்லையே. எங்க அம்மாகிட்டகூட சொன்னதில்லே."

"வைரஸா இருக்கும்மா."

"வைரஸுக்கு நான் நெய் பரிமாறினது தெரியுமோ?" மறுபடி படித்தாள். உதடு மெல்ல அசைந்தது. "என் கை நடுங்கினதை அவர் பார்த்தார்னு போட்டிருக்கு. அவர் பார்த்தாரா? எனக்கே தெரியாதே அங்கிள்."

நான் மோடத்தைத் துடைத்தேன். அதில் தூசி இல்லை.

"இருக்கிறீர்களா?" என்று ரேவதி கேட்டுக்கொண்டிருந்தாள். ஸுஷ்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒரே வரி அடித்தாள்: "வெள்ளிக்கிழமை வரைக்கும் பார்க்கிறேன்."

வெள்ளிக்கிழமை விருந்துக்கு என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். கூடம் நிறையச் சொந்தக்காரர்கள். ஸௌந்தரராஜன் தான் சொன்ன ஒரு சொல்லைத் திரும்ப வாங்கியதாக அந்தத் தெருவில் எவருக்கும் நினைவில்லை. குழம்பு சாதம் ஆனது. ஸுஷ்மா சாத்தமுதுப் பாத்திரத்தோடு, ரசத்துக்கு அவர்கள் வைத்த பெயர் அது, வரிசையில் வந்தாள். இலையில் கை வைத்தவர் நடுவில் எழுந்திருக்கக் கூடாது. பெரியவர் எழுந்தார். எச்சில் கையோடு நின்றார்.

"போன பந்தியிலே இதே இடத்துல ஒண்ணு சொன்னேன். எல்லாரும் கேட்டேள். அது தப்பு. குழந்தை பேசாததுக்கு இவ காரணமில்லே. யாரும் காரணமில்லே. அப்படிச் சொன்ன என் வாய்தான் அசுத்தம்."

கூடத்தில் மென்றுகொண்டிருந்த வாய்கள் எல்லாம் நின்றன. ரங்கநாத் அப்பாவை அப்போதுதான் முதல் தடவையாகப் பார்ப்பவன்போலப் பார்த்தான். அபிநவ் யாரையும் லட்சியம் செய்யாமல் அப்பளத்தைத் துண்டு துண்டாக உடைத்து வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தான்.

ஸுஷ்மா மாமனாரின் இலைக்கு முன்னால் வந்து குனிந்தாள்.

"சாத்தமுது ஆறிடும் மாமா. உட்காருங்கோ."

அவர் உட்கார்ந்தார். எதிர்வரிசை அத்தை ஒருத்தி பேச்சை மாற்றினாள்.

"ஏண்டி ஸுஷ்மா, நாளைக்கு ரயில் எத்தனை மணிக்கு?"

"எந்த ரயில் அத்தை?" என்று கேட்டுவிட்டு, அவள் அடுத்த இலைக்கு நகர்ந்தாள்.