ஆள் கனம்

படகின் விலாவில் சிவப்புக் கோடு போட்ட அன்று தோணிரேவில் எல்லாருக்கும் சந்தோஷம்தான். இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஏனென்றால் பிற்பாடு ஆளாளுக்கு, எனக்கு அப்பவே மனசு உறுத்தியது என்று சொல்லிக்கொண்டு திரிந்தார்கள். யாருக்கும் ஒன்றும் உறுத்தவில்லை. எல்லாருமாகச் சேர்ந்து ஆசையோடு வாங்கிக்கொண்ட வில்லங்கம் அது.

பழவேற்காட்டில் ஒல்லாந்தர் கோட்டை கட்டி உட்கார்ந்திருந்த காலம். அவர்களுடைய கப்பல்கள் ஏரிக்குள் வர முடியாது. முகத்துவாரத்தைத் தாண்டி ஆழக்கடலில் நங்கூரம் போட்டு நிற்கும். வியாபாரிகள் துணியைப் பொதி பொதியாகக் கட்டி ஏரிக்கரையில் இறக்குவார்கள். அங்கிருந்து கப்பல்வரை கொண்டுபோவது தோணிரேவுப் படகுகள். ஆணி அடிக்காமல் பலகையோடு பலகையைக் கயிற்றால் தைத்த படகுகள் அவை. அலை அடித்தால் உடையாமல் நெளிந்து கொடுக்கும், அதே சமயம் கொஞ்சம் கசியவும் கசியும். கசிந்த நீர் துணியைத் தொடாமலிருக்க அடியில் ஒரு பலகைத் தட்டு போட்டு, பொதிகளை அதன்மேல் அடுக்குவார்கள்.

எவ்வளவு அடுக்கலாம் என்பதில்தான் தினமும் தகராறு. படகை நடத்தும் தண்டல் தாமோதரன் போதும் என்பார். வியாபாரியின் காரியக்காரர் தருமலிங்கம் இன்னும் இரண்டு ஏற்று என்பார். கடைசியில் இரண்டு ஏறும். ஆடி மாதம் பக்கத்துக் குப்பத்துப் படகு ஒன்று அப்படி ஏற்றிய பாரத்தோடு முகத்துவாரத்தில் முழுகிப்போனது. ஆட்கள் நீந்தி வந்துவிட்டார்கள், துணி வரவில்லை. துணி வராததால் தருமலிங்கத்துக்கு ஞானம் பிறந்தது. கப்பல் தச்சன் ஒருவனை அழைத்துவந்து, எந்தப் படகு எவ்வளவு தாங்கும் என்று அளந்து கோடு போடச் சொன்னார். கோடு தண்ணீரைத் தொட்டுவிட்டால் அதற்குமேல் ஒரு பொதியும் ஏறாது என்று எல்லார் முன்னாலும் வாக்குக் கொடுத்தார். தாமோதரன் கையெடுத்துக் கும்பிட்டார்.

தச்சன் ஒல்லாந்துக்காரன், செம்பட்டை மீசை, கெட்ட ஆள் இல்லை. தண்ணீருக்கு மேலே ஒரு முழம் விளிம்பு நிற்க வேண்டும் என்பது அவன் கணக்கு. ஏரியில் படகை நிறுத்தி, அந்த ஒரு முழம் மிச்சம் இருக்கும்வரை உப்பு மூட்டைகளை ஏற்றினார்கள். பிறகு துடுப்புப் போடும் ஆட்களையும் ஏறி உட்காரச் சொல்லிக் கை காட்டினான். ஒருவரும் அசையவில்லை.

அந்தக் கரையில் ஆளை எடைக்கு ஏற்றமாட்டார்கள். கடலில் போனவனின் உடல் கிடைக்காவிட்டால், அவன் கனத்துக்கு மணலைச் சாக்கில் கட்டி, படகில் அவன் இருந்த இடத்தில் வைத்து, அலை தாண்டிக் கொண்டுபோய்க் கொட்டுவார்கள். அவனுக்குக் காரியம் அதுதான். உயிரோடு இருக்கிறவனை மூட்டைகளோடு மூட்டையாக நிறுத்தி அளப்பதும், அவனுக்கு ஈடாக ஒரு மூட்டையை வைத்து அளப்பதும் அவனுக்கு முன்கூட்டியே காரியம் செய்வதுதான். அதனால் பன்னிரண்டு பேரும் இடுப்பளவு தண்ணீரில் நின்று படகைப் பிடித்துக்கொண்டார்கள். இவர்கள் ஏறமாட்டார்கள் என்று தருமலிங்கம் தச்சனுக்குத் தெரிந்த போர்த்துக்கீசில் சொன்னார். தச்சன் உதட்டைப் பிதுக்கிவிட்டு, தண்ணீர் நின்ற இடத்தில் சிவப்பு வண்ணத்தால் நீளமாக ஒரு கோடு இழுத்தான்.

பன்னிரண்டு ஆளின் கனம் கணக்கில் வரவில்லை என்று தாமோதரனுக்குத் தெரியாமலில்லை. இரண்டு மூன்று பொதியைக் குறைத்து ஏற்றினால் சரியாகப் போகிறது என்று நினைத்துக்கொண்டார். பாவம், அவருக்குப் படகைத் தெரிந்த அளவுக்குத் தருமலிங்கத்தைத் தெரியவில்லை. இதற்குமேல் ஏற்றாதே என்று போட்ட கோடு, ஒரே வாரத்தில் இதுவரைக்கும் ஏற்று என்று ஆகிவிட்டது. முன்பாவது தாமோதரன் போதும் என்று வாய்விட்டுச் சொல்ல முடிந்தது. இப்போது சொன்னால் தருமலிங்கம் குனிந்து பார்த்து, கோடு இன்னும் நனையவில்லையே தண்டல் என்பார். ஏற்றி முடித்து ஆட்கள் ஏறியதும் கோடு தண்ணீருக்குள் போகும். அப்போது அவர் கரையில் இருக்கமாட்டார்.

ஆவணிவரை கடல் சாதுவாக இருந்ததால் காலம் ஓடியது. புரட்டாசி கடைசியில் காற்று வாடைக்குத் திரும்பியது. முகத்துவாரத்தில் அலை எழும்ப ஆரம்பித்தது. வெளியே நின்ற கப்பல் மழைக்கு முன்னால் கிளம்ப வேண்டும், கரையில் பொதிகள் மலையாகக் கிடந்தன.

தாமோதரனின் மகள் தேவகி ஏரிச் சேற்றில் கையால் தடவி இறால் பிடிப்பவள். அவள் புருஷன் சிங்காரம் அதே படகில் முன்னணித் துடுப்பு. அப்பனும் புருஷனும் ஒரே படகில். தண்ணீரில் குனிந்தபடியே அவள் அந்தப் படகைத்தான் பார்த்துக்கொண்டிருப்பாள். ஒரு சாயங்காலம் படகு திரும்பியபோது உள்ளே முழங்கால் அளவு நீர். இறைத்து இறைத்து சிங்காரத்தின் உள்ளங்கை உரிந்திருந்தது.

"இன்னா நைனா இது? போவும்போது கோட்டுக்கு மேல நாலு விரக்கடை தண்ணி நின்னுச்சி. யாரும் பாக்கலியா?" என்று கேட்டாள்.

"பாத்துக்கினுதான் இருக்கோம்" என்றார் தாமோதரன்.

ஆட்களை ஏற்றிவைத்து மறுபடி கோடு போடச் சொல்லவேண்டியதுதானே என்று அவள் கேட்டாள். ஒருவனும் ஏறமாட்டான், நானும் ஏறச் சொல்லமாட்டேன் என்றார். நாளைக்கு ஒருவனுக்கு ஒன்று ஆகிவிட்டால் அவன் பெண்டாட்டி முகத்தில் எப்படி முழிப்பது என்று கேட்டார். தேவகிக்கு ஆத்திரமாக வந்தது. அவளும் அந்தக் கரையில் பிறந்தவள் என்பதால், அவர் சொன்னது சரியென்றும் பட்டது. அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

மறுநாள் சேற்றைத் தடவிக்கொண்டிருந்தபோது அவளுக்கு ஒன்று தோன்றியது. மணல் கொட்டுவது ஆம்பிளைக்குத்தான். பெண்கள் கடலுக்குப் போவதில்லை, அவர்களுக்கு மணலும் இல்லை. பக்கத்தில் நின்ற எல்லம்மாவிடம் சொன்னாள். எல்லம்மாவின் மகனும் அதே படகுதான். அவள் மற்றவர்களிடம் சொன்னாள்.

விடிந்து பொதி முக்கால்வாசி ஏறி, கோடு இன்னும் தண்ணீருக்கு மேலேயே நின்ற நேரத்தில் பன்னிரண்டு பெண்கள் புடவையை வரிந்து கட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கினார்கள். தச்சனும் அன்று வந்திருந்தான். பொம்பளை படகைத் தொடுவதாவது என்று ஆம்பிளைகள் முணுமுணுத்தார்கள்.

"எங்களுக்குன்னு யாரும் மணலு கொட்டப்போறதில்ல" என்றாள் தேவகி. "நாங்க ஏறுறோம். கோடு எங்க நிக்குதுன்னு பாத்துக்கோங்க."

ஏறி, துடுப்புக்காரர்களின் இடங்களில் உட்கார்ந்தார்கள். சிவப்புக் கோடு தண்ணீருக்குள் போயே போய்விட்டது. தச்சன் முகம் கறுத்தது. மேலே இருந்த விளிம்பை முழம்போட்டுப் பார்த்தான், தலையை ஆட்டினான், வண்ணச் சட்டியைக் கொண்டுவரச் சொன்னான். கோட்டைக் கீழே இறக்கப்போகிறான் என்று எல்லாருக்கும் புரிந்தது. தேவகிக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. கரையில் நின்ற அப்பனைப் பார்த்தாள். அவர் மேல்துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

தருமலிங்கம் மட்டும் அவசரப்படவில்லை. படகைச் சுற்றி ஒரு நடை நடந்தார். ஓரத்தில் இருந்த பெண்ணை இறங்கச் சொன்னார். பிறகு இன்னொருத்தியை. நான்கு பேர் இறங்கியதும் கோடு தண்ணீருக்கு மேலே வந்து நின்றது.

"கோட்டை எதுக்கு அழிக்கணும்? கோடு சரியாத்தான் இருக்கு. ஆளுதான் அதிகம்" என்றார்.

இத்தனை நாளும் ஆள் பாரமே இல்லை. ஆளும் பாரம்தான் என்று தேவகி காட்டிக்கொடுத்த அடுத்த கணமே, பாரத்தைக் குறைக்க வழி பிறந்துவிட்டது. பொதியை இறக்கினால் நஷ்டம், ஆளை இறக்கினால் என்ன நஷ்டம்? நன்றாகக் கனமாக இருக்கும் நான்கு பேர் இன்று வரவேண்டாம் என்றார் தருமலிங்கம். கனமாக இருப்பவன்தான் பலசாலி என்பது அவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. முதல் ஆளாகச் சிங்காரத்தைக் கை காட்டினார். துடுப்பு குறைந்தால் அலைக்கு நேரே படகின் முகத்தைப் பிடிக்க முடியாது என்று தாமோதரன் சொன்னார். நேற்றுவரை பாரம் என்றாய், இன்றைக்குத் துடுப்பு என்கிறாய், உனக்கு இஷ்டமில்லையென்றால் வேறு குப்பத்துப் படகைக் கூப்பிட்டுக்கொள்கிறேன் என்றார் தருமலிங்கம். தச்சன் கோட்டை இன்னொரு தடவை பார்த்தான். ஒரு முழம் இருந்தது. அவன் வேலை பலகையோடு முடிந்தது.

சிங்காரம் கேட்கவில்லை, விளிம்பைப் பிடித்து ஏறப்போனான். தாமோதரன் அவன் மார்பில் கை வைத்துத் தள்ளினார்.

"நீ ஏறுனா கோடு முங்கும். எறங்கு" என்றார். சொல்லிவிட்டு மகளை ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வையைத் தேவகியால் சாகும்வரை மறக்க முடியவில்லை.

படகு கோடு நனையாமல் போனது. முகத்துவாரம்வரை அழகாகவே போனது. முதல் அலையை ஏறி இறங்கியது. இரண்டாவதில் முகம் கொஞ்சம் திரும்பியது. எட்டுத் துடுப்பும் ஒரே பக்கமாக வலித்தும் திருப்பிப் பிடிக்க முடியவில்லை. அடுத்த அலை பக்கவாட்டில் அடித்துப் புரட்டியது. கரையிலிருந்து பார்த்தவர்களுக்குக் கவிழ்ந்த படகின் விலாவில் அந்தச் சிவப்புக் கோடு வெயிலில் நன்றாகத் தெரிந்தது. சிங்காரம் நீந்திப் போனான். துடுப்புக்காரர்கள் எல்லாரும் வந்து சேர்ந்தார்கள். பின்னால் நின்று திசைத்துடுப்பைப் பிடித்திருந்த தாமோதரன் வரவில்லை. மூன்றாம் நாள்வரை தேடியும் உடல் கிடைக்கவில்லை.

தேவகியை யாரும் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பதிலுக்குச் சண்டை போட்டு அழுதிருப்பாள். நான்தான் நைனாவைக் கொன்றேன் என்று அவளே தனக்குச் சொல்லிக்கொண்டு, வாசலில் கல்லாகக் கிடந்தாள்.

மணல் கட்டும் நாள் வந்தது. எவ்வளவு மணல் என்பதைச் சிங்காரம்தான் சொல்ல வேண்டும். போன வருஷம் திருக்கை முள் குத்திக் காய்ச்சலில் கிடந்த மாமனாரை முதுகில் தூக்கிக்கொண்டு வைத்தியனிடம் நடந்தவன் அவன். அந்தக் கனம் அவன் முதுகுக்குத் தெரியும். சாக்கைத் தூக்கிப் பார்த்து, கொஞ்சம் கொட்டி, மறுபடி அள்ளி, கடைசியில் போதும் என்றான். கரை ஒதுக்கி நிமிர்த்தி, கயிறு மாற்றித் தைத்திருந்த அதே படகின் பின்புறத்தில், தண்டல் நிற்கும் இடத்தில் சாக்கை அவனே வைத்தான்.

தேவகி கோட்டைப் பார்த்தாள். படகு ஒரு விரக்கடைகூட இறங்கவில்லை. அவள் அப்பன் மொத்தமுமே அவ்வளவுதான். அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது.

அந்த நேரம் பார்த்து தருமலிங்கம் மிச்சப் பொதிகளோடு வந்தார். கப்பல் இனி நிற்காது, காரியத்தைச் சுருக்க முடித்து மணலை இங்கேயே கொட்டிவிட்டுப் பொதியை ஏற்றுங்கள் என்றார். ஒருவரும் சாக்கைத் தொடவில்லை. உறவைத் தவிர வேறு யாரும் அதைத் தொடக்கூடாது. தொடவேண்டிய சிங்காரம் தேவகியைப் பார்த்தான்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"மணலக் கொட்டமாட்டோம்" என்றாள். "நைனா படகுலதான் இருப்பாரு. அவர வெச்சிக்கினு, பன்னெண்டு ஆளும் ஏறட்டும். அதுக்கப்பறம் கோடு வரைக்கும் எவ்ளோ பொதி வேணா ஏத்திக்கோ."

காரியம் பாதியில் நின்றால் செத்தவன் அலைந்துகொண்டே இருப்பான். பெற்ற மகளே அப்படிச் சொல்கிறாள். சிங்காரம் ஏறி, முன்னணியில் தன் இடத்தில் உட்கார்ந்தான்.

"மாமாவே எடைக்கு ஏறிட்டாரு. எனக்கு இன்னா" என்றான்.

அவனுக்குப் பின்னால் எல்லம்மாவின் மகன் ஏறினான். பிறகு ஒவ்வொருவராக ஏறினார்கள். தருமலிங்கம் சாக்கையும் பார்த்தார், வானத்தையும் பார்த்தார். வாடைக்காற்றில் வேறு எந்தக் குப்பத்துப் படகும் வராது என்பது அவருக்கும் தெரியும். கோடு தண்ணீரைத் தொட்டபோது பாதிக்குமேல் பொதி கரையிலேயே கிடந்தது.

படகைத் தள்ளும்போது சிங்காரம் குனிந்து, மணலை எப்போது கொட்டுவது என்று மெதுவாகக் கேட்டான்.

தேவகி சாக்கின் வாயை இன்னொரு முடிச்சுப் போட்டு இறுக்கினாள்.

"மழ முடிஞ்சி முகத்துவாரம் அடங்கட்டும்" என்றாள். "அதுவரைக்கும் நைனா வேலையிலதான் இருக்காரு."