கல்லுக்கு ஊற்றிய எண்ணெய்

கிட்டே வாருங்கள் கண்ணுகளா, அந்தச் சாக்கை இழுத்துப் போட்டு உட்காருங்கள். செல்லாத்தாள் கதை ஒன்று வைத்திருக்கிறேன். சிரிக்க இதில் அதிகம் இல்லை. ஆனாலும் மனசு எரிகிற நாளில் துணைக்கு வரும்.

நம் பனியன் ஊரின் ராயபுரத்தில் ஒற்றை அறை வீடு அவளுக்கு. புருசன் நஞ்சப்பன் ஆற்றோரச் சலவைப்பட்டறையில் பனியன் துணி வெளுப்பவன். வாளியின் காது இற்றுப்போயிருக்கிறது என்று அவன் சொல்லியும், மேஸ்திரி மாரப்பன் அதிலேயே பிளீச்சிங் கரைசலைத் தூக்கச் சொன்னான். காது பிடுங்கிக்கொண்டு கரைசல் முகத்தில் அடித்தது. ஒரு கண் அவிந்தது. மற்றதில் வாசல் வெளிச்சம் மட்டும் மங்கலாகத் தெரியும். முதலாளி கேட்டபோது, குடித்துவிட்டு வந்து விழுந்தான் என்று மாரப்பன் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்தான். நஞ்சப்பன் கள்ளை மோந்துகூடப் பார்த்ததில்லை. வேலையும் போயிற்று, பேரும் போயிற்று.

மாரப்பனுக்கோ ஏறுமுகம். எதிர்ச் சந்திலேயே மெத்தை வீடு கட்டினான், ரேடியோ வாங்கினான். செல்லாத்தாள் சோறு வடிக்கும்போதும் அந்த மாடியைத்தான் பார்ப்பாள். முருகனைக் கும்பிடக் கை கூப்பினால், முருகன் பேருக்கு முன்னால் மாரப்பன் பேர் வந்து நிற்கும்.

ஆனைமலை மாசாணியாத்தா கோயிலில் ஒரு முறை உண்டு. அநியாயம் பட்டவர்கள் தம் கையாலேயே மிளகாய் அரைத்து, செய்தவனை நினைத்து நீதிக்கல்லில் பூசுவார்கள். ஆத்தா நியாயம் கொடுத்த பிறகு திரும்பப் போய், கல்லுக்கு எண்ணெய் ஊற்றிக் குளிர்விக்க வேண்டும். செல்லாத்தாள் பல்லடத்தில் பஸ் மாறிப் போனாள். மடி நிறைய மிளகாய். மற்றவர்கள் ஒரு பிடி அரைத்தார்கள். இவள் கொண்டுபோனதை முழுக்க அரைத்துப் பூசினாள். திரும்பும் வழியெல்லாம் கை காந்தியது. அந்தக் காந்தல் அவளுக்குச் சுகமாகக்கூட இருந்தது.

மறுநாள் விடிந்ததும், எப்போதும்போல நஞ்சப்பனின் கண்ணில் கட்டியிருந்த பீளையை ஈரத்துணியால் துடைத்து, இமையை விரலால் விரித்தாள். அவன் உடம்பு வெட்டி இழுத்தது. கத்தவில்லை. அவள் கையைத் தடவிப் பிடித்து மோந்தான்.

"மொளகா அரைச்சயா புள்ளே?"

"மாசாணி கோயலுக்குப் போனனுங்க."

கண்ணிலிருந்து நீர் கொட்டிக்கொண்டே இருந்தது. அவள் கையை விடாமலே சொன்னான்.

"அவனெ ஆத்தாகிட்ட உட்டுரு. எனக்கு உன்ற கை வேணும்."

அன்று பகல் முழுக்க அவனுக்கு வாசல் தெரியவில்லை. இருந்த துளி வெளிச்சத்தையும் தானே அவித்துவிட்டோமென்று செல்லாத்தாள் சோறு தண்ணி இல்லாமல் நிலைப்படியில் கிடந்தாள். பொழுது சாயும்போது, வாசல் பக்கம் கண்ணைச் சுருக்கிப் பார்த்து, "அங்க கெடக்கறது நீதான?" என்றான் நஞ்சப்பன். அதற்குமேல் அவளால் அழாமல் இருக்க முடியவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை எண்ணெயோடு மறுபடி ஆனைமலைக்குப் போனாள். நியாயம் கிடைத்ததா என்று பூசாரி கேட்டார்.

"இல்லீங்க சாமி. அந்த மேஸ்திரி நல்லாத்தான் இருக்கறாருங்க."

"அப்பறம் எண்ணெய் எதுக்கம்மா?"

"நானு கையெ எடுத்துக்கறனுங்க. இனி ஆத்தா பாத்துக்கட்டும்."

பூசாரி விலகி நின்றார். அவள் கல்லின்மேல் சொட்டு மிச்சமில்லாமல் ஊற்றினாள்.

மாரப்பன் விழுந்தானா என்று கேட்பீர்கள். இல்லை, கண்ணு. மகளுக்குச் சந்து முழுக்க அடைத்துப் பந்தல் போட்டுக் கல்யாணம் செய்தான். அவன் சொன்ன பொய்யும் அப்படியே நின்றது. பின்னாளில் நஞ்சப்பன் அந்தக் கெட்ட பேரோடுதான் கண்ணை மூடினான். கல்யாணத்தன்று மேளச் சத்தம் வீட்டுக்குள் வந்தபோது, செல்லாத்தாள் புருசன் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். எட்டிப் பார்க்க எழவில்லை. துணியை அலசிப் போட்டுவிட்டு முருகா என்றாள். அந்தப் பேர் மட்டும்தான் வந்தது.

உங்கள் வீட்டில் நோவு துடைக்கிற கை என்றைக்கும் குளிர்ந்திருக்கட்டும். உங்கள் வாசல் வெளிச்சம் மங்காமல் இருக்கட்டும். போய் நல்லபடியாக இருங்கள், சாமிகளா.