அம்மா போட்ட முடிச்சு

ஹார்வில் ஊரில் அம்ப்ரோஸ் கிளப் என்ற ஏழு வயதுப் பையனின் கால்சட்டை நாடாக்கள் ஒரு திங்கட்கிழமை அவிழ மறுத்தன. அன்று வெண்ணெய் விலையும் ஏறியிருந்தது. இங்கே ஆண்பிள்ளைக்கு ஆறு வயது வரை கவுன்தான். பிறகு கால்சட்டை, அதை மேல்சட்டையோடு, பித்தளை முனை வைத்த நாடாக்களால் இடுப்பைச் சுற்றிக் கட்டுவார்கள். கட்டுவது தாய், அவிழ்க்கச் சொல்வது பள்ளி ஆசிரியர். துணிமேல் விழுந்த அடி கல்வியாகாது என்பது ஆசிரியர் டன்ஸ்டன் ஹாக்கரின் சித்தாந்தம். அடிப்பதற்கென வாளியில் ஊறவைத்த விளாரை, அந்த மெல்லிய குச்சியை, சும்மா காயவிடக் கூடாது என்பது அவரே எழுதிய பள்ளிச் சட்டம். போன குளிர்காலத்தில் அம்ப்ரோஸின் அண்ணன் பியர்ஸை ஒரு லத்தீன் வினைச்சொல்லுக்காக அடித்தார். பையன் உயிர் ஞாயிறு வரை தாங்கவில்லை. நகரசபை கூடி, பெருமூச்சு விட்டு, பிழை வினைச்சொல்லில்தான் என்று முடிவு செய்தது.

ஆகவே அந்தத் திங்கட்கிழமை தாய் மார்ஜரி சின்னவனின் நாடாக்களைப் பல்லால் இழுத்து முடிந்தாள். “எனக்கு மட்டுந்தான் அவுரணும், கேட்டுதா?” என்றாள். மகனிடம் சொல்கிறாள் என்றே அண்டை வீட்டார் நினைத்தார்கள்.

அன்று பள்ளியைப் பார்வையிட நகரசபையார் வந்திருந்தார்கள். அவர்கள் முன்னால் அம்ப்ரோஸ் அதே வினைச்சொல்லை மறந்தான்.

“அவுருடா.”

“வரமாட்டேங்குது, ஐயா.”

“உங்க அண்ணனுக்கு வந்துச்சே!”

ஹாக்கர் தாமே இழுத்தார். இரண்டு நகங்கள் பெயர்ந்தன. கடித்தார், முன்பல் வேரோடு வந்தது. கத்தியை எடுத்தார், கத்தி முறிந்தது. நாடா ஒன்று நீண்டு அவர் மணிக்கட்டைச் சுற்றி இறுக்க, எலும்பு நொறுங்கும் சத்தம் பின்வரிசை வரை கேட்டது. அதே கணம் அவருடைய சொந்த நாடாக்கள் அத்தனையும் தாமாகவே அவிழ்ந்து, கால்சட்டை சான்றோர் முன்னிலையில் கணுக்காலுக்கு இறங்கியது.

நகரசபையாரில் ஒருவரான கம்பளி வியாபாரி கிரிகரி வாளிக்குள் எட்டிப் பார்த்தார். “விளாரு நல்லா ஊறிப்போச்சே. காயவிடக் கூடாதுல்ல, ஐயா? நீங்க எழுதினதுதானே?”

நகரசபையார் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவர்கள். ஹாக்கரை மாறி மாறி அடித்தார்கள். ரத்தம் இலக்கணப் புத்தகங்கள் வரை தெறித்தது. ஹாக்கரும் ஞாயிறு வரை தாங்கவில்லை. சபை மறுபடி கூடி, மறுபடி பெருமூச்சு விட்டு, பிழை நாடாவில்தான் என்று முடிவு செய்தது.

அதற்குப் பின் ஹார்வில்லுக்கு வரும் எந்த ஆசிரியருக்கும் நாடா நிற்பதில்லை. கால்சட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு காலையில் மார்ஜரி வாசலில் நிற்பார்கள். அவள் முதலில் உள்ளங்கைகளை நீட்டச் சொல்லி, விளார் பிடித்த தடம் இருக்கிறதா என்று பார்ப்பாள், பிறகுதான் கட்டிவிடுவாள்.