எடை குறையாத காளவாய்

ஷெகுவே எதையும் வெளியே விடமாட்டார். சிரிப்பைக்கூட வாய்க்குள்ளேயே பூட்டி வைத்துக்கொள்வார். அப்படிப்பட்ட மனிதருக்குப் படைத்தவன் பார்த்துப் பார்த்துக் கொடுத்த தொழில், லாமுத் தீவின் கரையில் ஒரு சுண்ணாம்புக் காளவாய். கழுதைகள் சுமந்து வரும் பவளக்கல்லைக் கண்டல் விறகின் மேல் குவித்து எரித்தால், போட்ட எடையில் பாதிதான் சுண்ணாம்பாக வரும். மீதிப் பாதி எங்கே போகிறது என்பது அவருடைய ஆயுள்கால வயிற்றெரிச்சல். முதலில் கழுதைக்காரர்களைச் சந்தேகப்பட்டார். பிறகு தீ மூட்டும் கொம்போவைச் சந்தேகப்பட்டார். கொம்போ கோபித்துக்கொள்ளவில்லை, சிரித்துத் தொலைத்தான்.

இந்த முறை சுண்ணாம்பு விற்பனைக்கு அல்ல, சொந்த வீட்டுக்கு. மகள் ஜுஹுராவுக்கும் சுவாலேக்கும் ரமலான் பிறைக்கு முன்னால் நிக்காஹ். அந்த ஊரில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிவருவான். பெண்ணைப் பெற்றவர் மேல்மாடியில் ஓர் அறை கட்டி, வெள்ளைவெளேரென்று பூசிக் கொடுக்க வேண்டும். அறை எழுந்துவிட்டது. பூச்சுத்தான் பாக்கி. மகள் தன் கூரையின் கீழேயே இருப்பாள் என்பதில் ஷெகுவேக்கு இருந்த நிம்மதியை அவர் யாரிடமும் சொன்னதில்லை. அதையும்தான் வெளியே விடவில்லை.

ஜுஹுரா பெண்கள் பள்ளியில் வேதியியல் டீச்சர். காளவாய் அடுக்கும் இடத்துக்கு வந்து யோசனை சொன்னாள்.

"பாபா, கல்லைச் சின்னச் சின்னதா உடைக்கச் சொல்லுங்க. தீயும் ஓங்கி எரியணும். சூடு ஏற ஏற வேலை சீக்கிரம் முடியும்."

"அது கிடக்கட்டும். பாதி எடை எங்கடி போகுது? உன் படிப்பு என்ன சொல்லுது?"

"காத்தாப் போகுது பாபா. கல்லுக்குள்ள கட்டுப்பட்டிருக்குற கரிக்காத்து சூட்டுல பிரிஞ்சு வெளிய போயிடும்."

"அதைத் திரும்ப வர வைக்க முடியாதா?"

"வெளிய விடாம அடைச்சு வெச்சா வரும். பிரியும், மறுபடி கல்லோட ஒட்டும். ரெண்டும் சரிக்குச் சரியா நடந்துக்கிட்டே..."

பள்ளிவாசலில் பாங்கு ஒலித்தது. பாடம் அப்படியே நின்றது. ஷெகுவே தொழப் போனார். கேட்ட பாதியே போதும் என்று அவர் முகம் சொன்னது. மீதிப் பாதியையும் கேட்டிருந்தால் இந்தக் கதைக்கே வேலையில்லை.

தீ நன்றாகப் பிடித்ததும் பழைய தகரங்களைக் கொண்டுவரச் சொன்னார். கீழே காற்றுக்கு மட்டும் ஓட்டை விட்டு, மேலே தகரம் பரப்பி, ஈரக் களிமண்ணால் மெழுகச் சொன்னார்.

"முதலாளி, காளவாய்க்கு மூடி போடுறதாவது! இது என்ன பிலாவ் சட்டியா?" என்றான் கொம்போ.

"பிலாவுக்குத் தம் போடுறோம்ல? வாசனை எங்கடா போகுது? சட்டிக்குள்ளயேதானே இருக்கு? மெழுகுடா."

புகை ஊருக்குள் வரவில்லை. துணி காயப்போட்ட பெண்கள் வாழ்க்கையில் முதல்முறையாக ஷெகுவேக்காகத் துஆ செய்தார்கள்.

சூடு ஆறியதும் பிரித்து எடை போட்டார். போட்ட கல்லின் எடை அப்படியே இருந்தது. ஷெகுவே வாய்விட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பைக் கேட்டு கழுதை ஒன்று மிரண்டது. அல்வா வாங்கி வர ஆள் அனுப்பினார்.

கொம்போ ஒரு கல்லை எடுத்துத் தண்ணீரை ஊற்றினான். சுண்ணாம்பு என்றால் சீறும், ஆவி கிளப்பும், வெடித்து நீறும். கல் ஈரமாக உட்கார்ந்திருந்தது.

"குளிச்சிட்டு உக்காந்திருக்கு முதலாளி," என்றான். "போட்ட கல்லு போட்டபடியே இருக்கு. ஒண்ணும் குறையல."

கையில் அல்வாவோடு ஷெகுவே நின்றார்.

மறுபடி எரிக்க நாளில்லை. மற்ற காளவாய்க்காரர்களின் சுண்ணாம்பெல்லாம் பக்கத்து ஊரான ஷேலாவில் விடுதி கட்டுகிறவர்களுக்குப் படகேறிவிட்டது. சுவாலேயின் அம்மா வந்து இஞ்சிக் காப்பியைக் குடித்துவிட்டு, இனிக்க இனிக்கச் சொன்னாள்:

"அறை இல்லாட்டி என்ன சம்மந்தி? பொண்ணு எங்க வீட்டுக்கு வரட்டும். எங்க வீட்டுச் சுவரெல்லாம் பூசித்தான் இருக்கு."

ஷெகுவேயின் மனைவி பதூலி அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஊரில் எந்தத் தகப்பனுக்கும் வராத அவமானம். ஆனால் ஷெகுவேயைத் தின்றது அவமானம் இல்லை. சாயங்காலம் வீட்டுக்குள் கேட்கும் மகளின் செருப்புச் சத்தம் இனிக் கேட்காது என்பதுதான்.

நிக்காஹ் முடிந்து கிளம்பும்போது ஜுஹுரா வாசலில் நின்றாள்.

"பாபா, அன்னிக்குப் பாடம் பாதியில நின்னுடுச்சு."

"மீதியையும் சொல்லிட்டுப் போ."

"அடைச்சு வெச்சா கல்லு கல்லாவேதான் இருக்கும். போக விட்டாத்தான் சுண்ணாம்பு."

"அது தெரிஞ்சுபோச்சு."

"இன்னும் இருக்கு. சுவத்துல பூசினதுக்கப்புறம், போன காத்தைச் சுண்ணாம்பு திரும்ப வாங்கிக்கும். இழந்த எடையெல்லாம் சுவத்துக்கே வந்து சேரும்."

"எவ்வளவு நாளாகும்?"

"அது ரொம்ப மெதுவா நடக்கும் பாபா," என்று சொல்லிவிட்டு அவர் கையை முத்தமிட்டுப் போனாள்.

ரமலானில் நோன்போடு ஷெகுவே அதே கல்லை மறுபடி அடுக்கினார், இந்த முறை மூடி போடாமல். புகை ஊர் முழுக்கப் படர்ந்தது. துணி காயப்போட்டிருந்த பெண்கள் துஆவைத் திரும்ப வாங்கிக்கொண்டு திட்டத் தொடங்கினார்கள்.

"இப்ப யாருக்கு முதலாளி சுண்ணாம்பு?" என்றான் கொம்போ.

"மேல்மாடி அறைக்கு."

"பொண்ணுதான் போயிடுச்சே?"

"போனது மெதுவாத் திரும்பி வருமாம்டா," என்றார் ஷெகுவே. "வரும்போது சுவரு தயாரா இருக்க வேணாமா? விறகைப் போடு."