மலை சரிந்தும் போகாத விருந்தாளிகள்

1

இந்தக் கதை நான் எழுதிய ஒரு கடிதத்தின் பிழையிலிருந்து பிறந்தது. இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பாதியில் நீங்களாகக் கண்டுபிடித்து என்னைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம்.

கடிதம் போன ஆகஸ்டில் எழுதியது. பெறுநர்: ஒரு தொலைபேசி நிறுவனத்தின் கொச்சி அலுவலகம். (நிறுவனத்தின் பெயர் வேண்டாம்.) பொருள்: சின்னக்கானலில் இன்னொரு டவர் அமைக்கக் கோருதல். எழுதச் சொன்னவர் வேலுத்தாய், கேரளத்து இடுக்கி மலையில் அந்த ஊர்த் தேயிலைத் தோட்டத்தில் பதினொரு வருடமாகத் தற்காலிகத் தொழிலாளி. அந்தத் தோட்டத்து ஆபீசில் நான் ஒன்பது வருடம் எழுத்தராக இருந்தவன். இப்போது பாலக்காட்டில் இருக்கிறேன். ஆனாலும் கடிதம் என்று ஒன்று தேவைப்பட்டால் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்திலிருந்து எனக்குத்தான் போன் வரும். கடிதத்தில் எழுத்துப் பிழை இல்லை, வணக்கம் உண்டு, தேதி உண்டு. கேட்ட பொருள்தான் தவறு.

கதையை எப்படித் தொடங்குவது என்று மூன்று வாக்கியம் எழுதிப் பார்த்தேன்.

(அ) "மேகம் இறங்கிக்கொண்டிருந்த ஒரு காலையில்" – விட்டுவிட்டேன். அந்த ஊரைப் பற்றி எழுதுகிற எல்லோரும் மேகத்தை இறக்கிவிட்டுத்தான் ஆரம்பிக்கிறார்கள்.

(ஆ) "அடுத்த மூன்று ஆண்டுகளில் டேட்டா போக்குவரத்து இரண்டரை மடங்காகும் என்று அந்த நிறுவனம் கணித்திருந்தது" – கதைக்கு இது தேவை. ஆனால் வாசலிலேயே நிறுத்தினால் உள்ளே வர மாட்டீர்கள்.

(இ) "எம் மூஞ்சி போகல, அண்ணாச்சி."

இது இருக்கட்டும்.

2

"மூஞ்சி போகலைன்னா?" என்று போனில் கேட்டேன்.

"காலைல மஸ்டர்ல நின்னு போனுக்கு மூஞ்சியக் காட்டணும்லா? ஏழே முக்காலுக்கும் எட்டுக்கும் நடுவுல. காட்டுதேன். வட்டம் சுத்துது. சுத்தோ சுத்துன்னு சுத்துது, எட்டாயிருது. ஆப்சென்ட். நான் கூடையோட முன்னால நிக்கேன், சுடலைமணி என்னையப் பாத்துக்கிட்டே நிக்கான். ஆனா நான் வரல!"

மஸ்டர் என்றால் காலையில் ஆள் எண்ணி வருகை பதிகிற இடம்; இப்போது போனில் ஒரு ஆப் முகத்தைப் பார்த்துப் பதிகிறது. சுடலைமணி அவர்களுடைய சூப்பர்வைசர். "அவர் எழுதிக் கொடுக்கக் கூடாதா?"

"நல்லாச் சொன்னீய. அவன் மூஞ்சியே நேத்து போகல."

சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார். பிறகு கணக்கைச் சொன்னார். டிசம்பருக்குள் இருநூற்று நாற்பது நாள் ஹாஜர் காட்டினால் இந்த முறை நிரந்தரப் பட்டியலில் பெயர் ஏறும். வேலை பார்த்தும் முகம் போகாமல் ஏற்கெனவே பத்து நாள் போய்விட்டது. இனி ஆறு நாள் போனால் இந்த வருடமும் போனது.

"சிக்னல் எத்தனை கோடு காட்டுது?"

"நாலும் நிக்கி, அண்ணாச்சி. கம்பு நட்ட மாதிரி நிக்கி."

நான் அங்கேயே நிறுத்தி யோசித்திருக்க வேண்டும். நாலு கோடும் நின்றால் டவருக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் ஒரு கடிதத்துக்கு ஒரு பொருள்தான் என்று கொழிஞ்சாம்பாறைப் பள்ளிக்கூடத்தில் படித்தவன் நான். பொருள் என்று வேலுத்தாய் சொன்னது டவர். எழுதினேன். நூற்று நாற்பத்து மூன்று பேர் கையெழுத்துப் போட்டார்கள். ஒவ்வொரு கையெழுத்துக்கும் கீழே போன் நம்பர் எழுதவைத்தேன். அது என் வழக்கம். போன் நம்பர் வீட்டு எண்ணைவிட நம்புவதற்குரியது.

3

செப்டம்பரில் பதில் வந்தது. "தங்கள் பகுதியிலுள்ள எங்கள் வாடிக்கையாளர் எண்ணிக்கைக்குத் தற்போதைய வசதி போதுமானது."

அதை எடுத்துக்கொண்டு உமர் கடைக்குப் போனேன். பாலக்காட்டு அங்காடியில் பாத்திரக் கடை வைத்திருக்கிறார். கும்பகோணத்துக்கும் சேலத்துக்கும் அவருடைய கடிதங்களை எழுதுவது நான். கடைக்கு மேலே வீடு. அவர் மகள் ஷம்னா அதே தொலைபேசி நிறுவனத்தில் திட்டப் பிரிவில் இருக்கிறாள். வாரத்தில் மூன்று நாள் கொச்சி, இரண்டு நாள் மாடி.

நாடு முழுக்க நிறுவனத்தின் நடு அமைப்பை, அவர்கள் கோர் என்று சொல்வதை, பெரிதாக்குகிற வேலை அப்போது நடந்துகொண்டிருந்தது. எந்த ஊருக்கு எத்தனை புதிய கருவி என்று ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு தாள் தயாராக வேண்டும். பாலக்காடும் இடுக்கியும் ஷம்னாவின் தாள். அக்டோபர் கடைசி வெள்ளி மாலை நான்கு மணிக்குள் அனுப்ப வேண்டும். அனுப்பிய பிறகு மூன்று வருடத்துக்கு மாற்ற முடியாது.

என் கடிதத்தைப் படித்தாள்.

"டவர் எதுக்குங்க மாமா கேட்டீங்க? டவர்ங்கறது தெருமுனைத் தபால் பெட்டிங்க. பெட்டி காலியாத்தான் இருக்குது. கோர்ங்கறது தரம் பிரிக்கிற ஆபீஸ். அங்க மூட்டை தேங்கிக் கெடந்தா, தெருவுக்கு நாலு பெட்டி வெச்சு என்னங்க ஆகும்?"

கடிதம் எழுதுகிறவனுக்குத் தபாலை வைத்தே விளக்குகிறாள். புத்திசாலிப் பெண்.

அடுத்து கையெழுத்துகளுக்குக் கீழே இருந்த நம்பர்களைப் பார்த்தாள். ஒன்றொன்றாகத் தட்டிப் பார்த்தாள். அரை மணி நேரம் ஆனது.

"நூத்தி நாப்பத்தி மூணுல நூத்திப் பத்தொம்பது தமிழ்நாட்டு நம்பருங்க. இவங்க நம்ம வாடிக்கையாளர் கணக்குலயே வரமாட்டாங்க."

"பின்ன எதுல வருவாங்க, அம்மிணி?"

"விருந்தாளிங்க."

தாளில் இரண்டு கட்டம் உண்டு. உள்ளூர் எண்கள் ஒன்றில், வெளிமாநில எண்கள் இன்னொன்றில். இரண்டாவதன் தலைப்பு விருந்தாளிகள். விருந்தாளி போய்விடுவார் என்பதால், திட்டத்தில் பத்து விருந்தாளியை இரண்டு ஆளாக எண்ண வேண்டும் என்பது விதி. மேலும், விருந்தாளியின் டேட்டா நேராகப் போகாது. சின்னக்கானலிலிருந்து மலை இறங்கி, வாளையார் எல்லைச் சாவடி தாண்டி, கோயம்புத்தூரில் அதன் சொந்த ஆபீசில் கேட்டுவிட்டுத் திரும்பி வரும். அந்த வழிதான் காலை ஏழே முக்காலுக்கு அடைத்துக்கொள்கிறது.

படியேறி வந்த உமர் இதைக் கேட்டுவிட்டார். "ஏனுங்க, பக்கத்து ஊட்டுக்கு போட்டோ அனுப்புனாலும் வாளையார் போய்ட்டுத்தான் வருமா? என்ற சரக்கு லாரி அங்க மூணு மணி நேரம் நிக்குது. இதை மட்டும் எப்படி உடறான்?"

"அத்தா, சும்மா இருங்க."

"அந்தம்மாளக் கேரளா சிம் வாங்கச் சொல்லு. முடிஞ்சுது."

நானும் அதையே நினைத்தேன். அங்கிருந்தே வேலுத்தாய்க்குப் போன் போட்டேன்.

"இந்த நம்பர்லதான் அண்ணாச்சி ஆதாரு, பேங்கு, கேஸு, சங்கரன்கோயில்ல எங்கம்மா பென்சனு எல்லாம் இருக்கு. நம்பர மாத்துததுக்கு மூஞ்சிய மாத்திரலாம்."*

* நம்பரை மாற்றாமல் மாநிலத்தை மட்டும் மாற்றும் வழியும் உண்டு. அதற்கு உள்ளூர் விலாசச் சான்று வேண்டும். லயத்து வீடு தோட்டத்துக்குச் சொந்தம். இவர்களுடைய சான்றில் இருப்பது திருநெல்வேலிப் பக்கத்துக் கிராமம். இதை விரித்தால் வேறொரு கதையாகிவிடும். விரிக்கவில்லை.

4

இந்த இடத்தில் எனக்கு ரிஜின் மேல் சந்தேகம் வந்தது. ரிஜின் ஷம்னாவின் மேலதிகாரி, கொச்சியில் இருப்பவர். நான் பார்த்ததில்லை, போனில் குரல் மட்டும் கேட்டிருக்கிறேன். இந்தக் கதையின் முதல் வரைவில் அவரைக் கெட்டவராக எழுதினேன். "கண்ணாடி அறைக்குள் குளிர்ந்த காபியோடு அவர் அலட்சியமாக" – அடித்துவிட்டேன். அவர் கேட்ட கேள்வி நியாயமானது. அலட்சியமாக இருக்கிறவர் அந்தக் கேள்வியைக் கேட்க மாட்டார். இந்த விருந்தாளிகளை முழு ஆளாக எண்ண வேண்டும் என்று ஷம்னா கேட்டதற்கு அவர் மலையாளத்தில் சொன்னதைத் தமிழில் தருகிறேன்:

"ஷம்னா, சின்னக்கானல் முழுக்க ரிசார்ட். வெள்ளிக்கிழமை மதுரையிலிருந்தும் கோவையிலிருந்தும் கார் ஏறி வரும், ஞாயிற்றுக்கிழமை இறங்கிப் போகும். உன் விருந்தாளிகளில் எத்தனை பேர் அவர்கள்? செவ்வாய்க்கிழமை சும்மா கிடக்கப் போகிற கருவியை நான் எதற்கு மலையில் ஏற்ற வேண்டும்? இன்னொரு வாளையார் வேண்டாம்."

இரண்டு வருடம் முன்னால் வாளையாருக்கு லாரிக்காரர்களின் டேட்டா பெருகும் என்று ஷம்னா எழுதிக் கொடுத்தாள். கருவி வந்தது, டேட்டா வரவில்லை. இன்னும் அங்கே பாதி தூங்குகிறது. அன்றிலிருந்து அவள் அனுப்புகிற ஒவ்வொரு எண்ணையும் கொச்சியில் இரண்டு பேர் மறுபடி கூட்டிப் பார்க்கிறார்கள். இன்னொன்று தவறினால் அவளிடம் தாளே வராது.

ஆகவே, வாசகரே, அவள் கையில் இருப்பது இதுதான். இதற்குள் இன்னும் நாலு நாள் போய், வேலுத்தாய்க்கு இரண்டு நாள் மிச்சம். ஷம்னாவுக்கு ஒரு தவறு மிச்சம்.

5

கதாசிரியன் எழுதியிருந்தால் இந்த இடத்தில் யாராவது ஒருவர் ரகசியமாக ஆபீஸ் கோப்பு ஒன்றை நீட்டியிருப்பார். இங்கே நடந்தது அதைவிட நல்ல வேலை. முறையான வேலை.

"மாமா, சுற்றுலாக்காரர் ஒருத்தரும் வர முடியாத நாளா ஒண்ணு வேணுங்க," என்றாள் ஷம்னா.

ஞாயிறா, செவ்வாயா, மழைக்காலமா என்று யோசித்தோம். மழையைப் பார்க்கவும் ஆள் வருகிறார்கள். கடைசியில் வேலுத்தாயைத்தான் கேட்டேன்.

"சூலைல மண்ணு சரிஞ்சிச்சுல்லா? கீழ ரெண்டு பக்கமும் ரோட்ட அடச்சிட்டாவ. முந்தின நாளே ரிசார்ட்ட எல்லாம் காலி பண்ணச் சொல்லிட்டாவ. நாலு நாளு. பாலு கூட வரல. நாங்க கட்டங்காப்பிதான்."

அந்த நான்கு நாள் பதிவை ஷம்னா தேடி எடுத்தாள். காரில்லை, ரிசார்ட்டில் ஆளில்லை. அந்த நாட்களின் விருந்தாளிக் கட்டம் சின்னக்கானலில் எவ்வளவு குறைந்தது?

நூற்றுக்குப் பதினேழு.

நூற்றில் மிச்சம் எண்பத்து மூன்று பேர் அங்கேயே இருந்தார்கள். மலை சரிந்தபோதும் போகாத விருந்தாளிகள். காலை ஏழே முக்காலுக்கு எல்லோருமாகச் சேர்ந்து ஒரு நெரிசல், எட்டுக்கு அடங்குகிறது. மஸ்டர் நேரம்.

எனக்கு இதில் சந்தேகமே இல்லை. ஒன்பது வருடம் அந்த மஸ்டரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு எழுதியவன். ஷம்னா எடுத்த எண்ணிக்கையும் என் பழைய ஞாபகமும் ஆளுக்கு ஆள் ஒத்துப்போயின. ரிஜினும் ஒப்புக்கொண்டார். "எண் சரி," என்றார். கதை இங்கே முடிந்திருக்கலாம். நான்கூட "முற்றும்" என்று – இல்லை.

6

ஏனென்றால் ரிஜின் அடுத்ததாகச் சொன்னது: "இரண்டு வழி இருக்கிறது. சின்னக்கானலுக்கு மட்டும் விதிவிலக்கு கேள். நான் இன்றைக்கே கையெழுத்துப் போடுகிறேன், திங்கட்கிழமை அந்த வழியை அகலமாக்கிவிடுவார்கள். அல்லது விதியே தவறு என்று எழுது. அது நாடு முழுக்கப் போகும். எங்கெல்லாம் விருந்தாளி போகாமல் இருக்கிறாரோ, எல்லா இடத்துக்கும். மேலே ஒப்புக்கொண்டால் பெரிய காரியம். மறுத்தால், சின்னக்கானலும் அதோடு போகும்."

"இரண்டையும் கேட்கக் கூடாதா, சார்?" என்றாள் ஷம்னா.

"விலக்கு கேட்கிறவள் விதி சரி என்று ஒப்புக்கொண்டவள். ஒரே தாளில் எப்படி?"

கடிதக்காரனாக நான் ரிஜின் பக்கம். ஒரு கடிதத்துக்கு ஒரு பொருள்தான்.

கடைசி நாளான வெள்ளிக்கிழமை உமர் ஜும்மாவுக்குப் போய்விட்டுக் கடையைத் திறந்தபோது ஷம்னா மாடியில் இரண்டு கோப்புகளையும் திறந்து வைத்திருந்தாள். உமர் கீழே இருந்தே கத்தினார்: "கையில கெடைக்கறத வாங்கிக்க, புள்ள! ஊரு ஒலகத்துக்கெல்லாம் நீதான் கணக்கா?" கொஞ்ச நேரம் கழித்து, குரலைக் குறைத்து என்னிடம்: "பெருசுதான் அனுப்புவா. பாருங்க. என்ற பேச்சைக் கேட்டதே இல்லை."

7

ஆக, முடிவு. இரண்டு எழுதினேன். தோட்டத்தில் மதியச் சாப்பாட்டு இடைவேளையில் வேலுத்தாயைப் போனில் கூப்பிட்டு இரண்டையும் படித்துக் காட்டினேன். கதையில் இருக்கிறவருக்குப் படித்துக் காட்டக் கூடாது என்பார்கள். எனக்கு அந்த வழக்கம் இல்லை. கடிதத்தை வாசித்துக் காட்டாமல் கையெழுத்து வாங்கியதில்லை.

முதல் முடிவு: ஷம்னா விலக்கு கேட்கிறாள். திங்கட்கிழமை வழி அகலமாகிறது. செவ்வாய்க்கிழமை ஏழு நாற்பத்தாறுக்கு வேலுத்தாயின் முகம் போகிறது. டிசம்பரில் பட்டியல்.

"நல்லாருக்கு," என்றார். சோற்றை மென்றுகொண்டே கேட்டார்: "பூப்பாறைல எந் தங்கச்சி ராமலட்சுமி இருக்காளே, அவளுக்கும் இதே ஆப்புதான். அவ மூஞ்சி?"

"இதில் இல்லை. சின்னக்கானல் மட்டும்தான்."

"அப்ப அவகிட்ட நான் என்னன்னு சொல்ல? எனக்கு மட்டும் லெட்டர் எழுதிக்கிட்டேன்னா?"

இரண்டாவது முடிவைப் படித்தேன். ஷம்னா விதி தவறு என்று எழுதுகிறாள். அது மேலே போகிறது. பனியன் கம்பெனிகளில், கட்டட வேலைகளில், சூளைகளில், ராமலட்சுமியின் லயத்தில், போகாத விருந்தாளிகள் எல்லோரும் முழு ஆளாக எண்ணப்படலாம். மார்ச்சில் தெரியும்.

வேலுத்தாய் சாப்பாட்டுப் பாத்திரத்தை மூடுகிற சத்தம் கேட்டது. பிறகு, "இது பெருசு, அண்ணாச்சி," என்றார். "நல்லா எழுதிருக்கீய. அப்ப செவ்வாக்கிழம எம் மூஞ்சி போகுமா, போகாதா?"

மூன்றாவதாக ஒரு முடிவு எழுத உட்கார்ந்தேன். "அப்போது கொச்சியிலிருந்து எதிர்பாராத" – வேண்டாம். எதிர்பாராததை எழுதுகிறவன் நான் இல்லை.

மாடிக்குப் போனேன். ஷம்னா திரும்பிப் பார்த்தாள்.

"என்ன மாமா, முடிச்சுட்டீங்களா?"

"நீ எதை அனுப்பறியோ அதை எழுதிக்கலாம்னு வந்தேன், அம்மிணி."

அவள் சிரித்தாள். "நீங்க எப்படி முடிச்சிருக்கீங்கன்னு பாத்துட்டு அனுப்பலாம்னு இருந்தேனுங்க."

மணி மூன்று ஐம்பது. நான்குக்குள் ஒன்று போயாக வேண்டும். எண் சரி. அதில் நான் கையெழுத்துப் போடுவேன். இரண்டு கோப்பும் பிழையில்லாமல் எழுதப்பட்டிருக்கின்றன. வரிக்கு வரி பார்த்துக் கொடுத்தவன் நான். இதற்கு மேல் எழுத்து வேலை எதுவும் மிச்சமில்லை. நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். இனி நீங்கள் உட்காருங்கள், வாசகரே.

எதை அனுப்பினாலும் வேலுத்தாய்க்கு ஒரு போன் போட்டு உங்கள் வாயாலேயே சொல்லிவிடுங்கள். காலையில் எட்டுக்கு முன்னால் மட்டும் வேண்டாம். அந்த நேரத்தில் அவர் போனைப் பார்த்தபடி நின்றுகொண்டிருப்பார்.