வாயடைக்கப்பட்ட வரி

சங்கு அலறியபோது மணி எட்டரை. வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது.

முதல் நாள் அந்தச் சத்தத்துக்குச் சின்னக்கந்தைத் தோட்டமே ஓடியது. மலையில் கொழுந்து எடுத்தவர்கள் கூடையைப் போட்டுவிட்டு, குழந்தைகளை விட்டிருந்த பிள்ளைமடுவத்துக்குப் பாய்ந்தார்கள். வடிவம்மா கைப்பிள்ளையோடு மேட்டிலிருந்த பள்ளிக்கூடப் படியில் ஏறும்போது விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டாள். மழையும் இல்லை, மண்ணும் சரியவில்லை. இரண்டாம் நாளும் ஓடினார்கள், திட்டிக்கொண்டே. மூன்றாம் நாளான இன்று பாதிப் பேர் அசையவே இல்லை. தோட்டத் தலைவர் தம்பையா தன் லயத்து வீட்டு இஸ்தோப்புத் திண்ணையில் உட்கார்ந்து ரொட்டியைத் தேநீரில் தொட்டபடி, "ஊதட்டும், ஊதட்டும். தொண்ட காஞ்சா தானா நிப்பாட்டும்" என்றார். லயம் முழுக்கச் சிரித்தது.

அந்தச் சிரிப்புத்தான் விஜயலெட்சுமியைப் பயமுறுத்தியது. லயத்துக்கு மேலே மண்ணில் கை நுழையும் அளவுக்கு வெடிப்பு ஓடியிருக்கிறது. ஐப்பசி மழைக்குப் பத்து நாள்கூட இல்லை. மலை உண்மையாகவே இறங்கும் நாளில் சங்கு ஊதினால், இவர்கள் ரொட்டி தின்றுகொண்டிருப்பார்கள்.

மழையை அளந்து, ஆபத்து என்றால் சங்கு ஊதும் பெட்டிக்குக் காவல் அவள்தான். மேலே விழும் சருகைத் துடைக்க வேண்டும், பச்சை விளக்கு எரிகிறதா என்று பார்க்க வேண்டும், சங்கு ஊதினால் ஆட்களை மேட்டுக்கு ஏற்றிவிட வேண்டும். பெட்டியைத் திறக்க அவளுக்கு அனுமதி இல்லை. சாவி, பெட்டியைப் பொருத்திய பதுளைக் கம்பெனியில் இருந்தது. ஆனால் மூன்று நாளாகப் பெட்டியின் சின்னத் திரை ஒரே வாசகத்தைத்தான் காட்டியது: 'இயக்குபவர் தவறு'. சிங்களத்தில் ஒரு தடவை, தமிழில் ஒரு தடவை, ஆங்கிலத்தில் ஒரு தடவை. மூன்று மொழியிலும் அவள்தான் குற்றவாளி.

பத்து மணிக்குக் கம்பெனி ஜீப் வந்தது. இறங்கிய இஞ்சினியர் கிரிஷாந்தனின் கையில் மடிக்கணினியும், ஏற்கெனவே தட்டச்சு செய்த கடிதமும் இருந்தன. கருவியைத் தவறாகக் கையாண்டதை ஒப்புக்கொண்டு காவல் வேலையிலிருந்து விலகுகிறேன் என்பது கடிதத்தின் சாரம். பெயர் எழுதும் இடம் மட்டும் வெறுமையாக இருந்தது.

"கையெழுத்து வைங்க அக்கா. இல்லாட்டி பெட்டியவே கழட்டிட்டுப் போகச் சொல்லி உத்தரவு."

"நான் அதத் தொடவே இல்லீங்க சேர்."

"பெட்டி பொய் சொல்லாதில்ல?"

கூட்டத்தின் பின்வரிசையில் நின்ற நல்லம்மா அந்தக் கடிதத்தை எட்டிப் பார்த்தாள். போன வருஷம் அவள்தான் காவல். இதே எட்டரை மணி, இதே வாசகம், இதே கடிதம். கையெழுத்து வைத்துவிட்டு விலகினாள். அன்றைக்கே கிரிஷாந்தன் பெட்டிக்குள் புதிய மெமரி காட் ஒன்றைச் செருகினார். மறுநாளிலிருந்து சங்கு வாயைத் திறக்கவில்லை. அவள் போனதும் பெட்டிக்குச் சுகமாகிவிட்டது என்று ஊர் பேசியது. 'சைரன் நல்லம்மா' என்ற பெயர் அவளோடு ஒட்டிக்கொண்டது. காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக்களத்தில் அவள் பக்கத்தில் நிற்பவர்கள் காதைப் பொத்திக் காட்டிச் சிரிப்பார்கள்.

அவளுடைய மகள் பிரஷாந்தினி அப்போது பதுளையில் கணினிப் படிப்பில் இருந்தாள். இப்போது பஜாரில் பலீல் நானாவின் கடையில் கணினி திருத்துகிறாள். நேற்றுத் தாய் தொலைபேசியில் நடப்பதைச் சொல்லி அழுததும் லீவு சொல்லிவிட்டு முதல் பஸ்ஸில் ஏறி வந்திருந்தாள்.

கிரிஷாந்தன் பெட்டியைத் திறந்து மடிக்கணினியை இணைத்தார். ஒரு கையில் புதிய மெமரி காட் தயாராக இருந்தது.

"சேர், மெமரி காட்ட மாத்தாதீங்க" என்றாள் பிரஷாந்தினி. "மூணு நாளும் எட்டரைக்கே ஊதுதுன்னு பாத்தீங்களா?"

"நீங்க யாரு மிஸ்?"

"போன வருஷம் இதே கடுதாசியில கையெழுத்து வச்சவங்க மகள். எட்டரைக்குப் பெட்டி என்ன செய்யுது?"

"அன்னைய மழைக்குப் புது ஃபைல் திறக்கும். திறக்க முடியலைன்னா ஆபத்துன்னு எடுத்துக்கிட்டு ஊதும். சரியாத்தான் எழுதியிருக்கேன்."

"ஏன் திறக்க முடியலன்னு கேட்டீங்களா?"

அவர் நிரலைத் திரையில் திறந்து உருட்டினார். அவள் அவருடைய தோளுக்கு மேலாகத் திரையைப் பார்த்தாள். சி மொழியில் எழுதிய நிரல். பதுளையில் அவள் படித்த மொழிதான். அதில் ஒரு கோப்பைத் திறக்கச் சொல்லி, முடியாமல் போனால், இயந்திரம் வெறுங்கையை நீட்டும். ஆனால் காரணத்தை ஓர் எண்ணாகக் குறித்து வைத்திருக்கும். கோப்பு இல்லை என்றால் ஓர் எண், அனுமதி இல்லை என்றால் வேறு எண். உடனே கேட்டால் உள்ளதைச் சொல்லும். கேட்காமல் அடுத்தடுத்த வேலையைக் கொடுத்தால் அந்த எண்ணும் மாறிப்போகலாம். பிறகு யாரும் எதையும் சொல்லிக்கொள்ளலாம்.

கேட்கும் வரி அங்கே இருந்தது. அதைக் கண்டதும் அவளுக்கு முகம் சிவந்துவிட்டது. வரி இருந்தது, ஆனால் அதற்கு முன்னால் இரண்டு சாய்கோடுகள். அந்த இரண்டு கோடுகள் இருந்தால் இயந்திரம் அந்த வரியைக் கண்டுகொள்ளாமல் தாண்டிவிடும். அதற்குக் கீழே, எந்தக் காரணத்துக்கும் ஒரே பதிலாக, 'இயக்குபவர் தவறு'.

"இத யாரு அடைச்சது?"

"ஆபீஸ்ல இருக்கிறவங்களுக்கு விளங்காத மெசேஜ் வரக்கூடாதுன்னாங்க. சும்மா ஒண்ணு போட்டேன்."

"சும்மாவா? சும்மா போட்ட ஒண்ணுக்கு எங்கம்மா ஒரு வருஷம் தலையக் குனிஞ்சுக்கிட்டு நடந்தாங்க!"

"மிஸ், கை வச்சா கேரண்டி போயிரும்."

தம்பையா அப்போதுதான் கையை இடுப்புச் சாரத்தில் துடைத்துவிட்டு முன்னால் வந்தார். பிரஷாந்தினியின் குரலில் அவருக்கு ஏதோ உறைத்திருக்க வேண்டும். ஜீப்புக்கும் பெட்டிக்கும் நடுவில் போய் நின்றார். "வடிவம்மா கைக்கு எந்தக் கேரண்டியும் நீங்க தரலையே சேர். புள்ள பாக்கட்டும். நாங்களும் பாக்குறோம்."

கூட்டம் நெருங்கியது. கிரிஷாந்தன் ஒதுங்கிக்கொண்டார். பிரஷாந்தினி இரண்டே இரண்டு தட்டலில் இரண்டு கோடுகளையும் அழித்தாள். நிரலைத் திரும்ப ஓடவிட்டாள். சங்கு மறுபடி அலறியது. இந்தத் தடவை ஒருவரும் சிரிக்கவில்லை. மடிக்கணினித் திரையில் பழைய வாசகத்துக்கு மேலே புதிதாக ஒரு வரி விழுந்தது. அவள் அதைச் சத்தமாகத் தமிழில் படித்தாள்:

"இருபத்தெட்டு. சாதனத்தில் இடமில்லை."

"என்னா புள்ள, அப்பிடின்னா?" என்றாள் நல்லம்மா.

"பெட்டி நெறஞ்சிருச்சும்மா. புது ஃபைல் வைக்க எடம் இல்ல. அதுதான் திறக்க முடியல. புது மெமரி காட் போட்டா எடம் கெடைக்கும், நல்லா ஓடும். போன வருஷம் சரியானதும் அதாலதான், நீங்க போனதால இல்ல."

"மழைய எழுதியா நெறஞ்சிச்சு?"

பிரஷாந்தினி கோப்புறைகளைத் திறந்தாள். மழைக் கணக்கு எல்லாம் சேர்ந்து ஒரு கைப்பிடிகூட இல்லை. மிச்சமெல்லாம் படங்கள். பெட்டியின் நெற்றியில் ஒரு சின்னக் கேமரா இருந்தது. லயத்து ஆட்கள் பெட்டியைக் கழற்றி விற்றுவிடுவார்கள் என்று பொருத்தியது. நிமிஷத்துக்கு ஒரு படம், ஒரு வருஷமாக. அவள் உருட்டிக்கொண்டே போனாள். விஜயலெட்சுமி சருகைத் துடைக்கிறாள். மூடுபனி. ஒரு நாய். மூடுபனி. விஜயலெட்சுமி குடையோடு நிற்கிறாள். வெறும் இருட்டு. விஜயலெட்சுமி முந்தானையால் கண்ணாடியைத் துடைக்கிறாள், கேமராவுக்கு மிக அருகில், முகம் முழுவதும் தெரிய. ஐந்து லட்சத்துக்கும் மேல்.

விஜயலெட்சுமி தன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். இந்த மலையில் எவ்வளவு மழை விழுந்தது என்று எழுத இடமில்லை. அவள் திருடுகிறாளா என்று பார்க்க மட்டும் இவ்வளவு இடம்!

"அந்தக் கண்ண மொதல்ல மூடுங்க சேர்" என்றாள். அவள் அவரிடம் இப்படிப் பேசியது இதுவே முதல் தடவை. கடிதத்தை எடுத்து, இரண்டாக மடித்து, அவருடைய சட்டைப்பைக்குள் தானே செருகினாள்.

தம்பையா கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். "நாளைக்கு ஊதுனா எல்லாரும் ஓடணும். நானும் ஓடுவேன்." பின்வரிசையில் நல்லம்மாவின் பக்கத்தில் நின்றவர்கள் கொஞ்சம் விலகி அவளுக்கு வழிவிட்டார்கள். அவள் முன்னால் வரவில்லை. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்ற இடத்திலேயே நின்றாள்.

பிரஷாந்தினி படங்களை அழித்தாள், கேமராவை நிறுத்தினாள். காரணம் கேட்கும் வரியை அப்படியே விட்டு, அதற்குக் கீழே இருந்த 'இயக்குபவர் தவறு' என்பதைத் தூக்கினாள். திரை சுத்தமானது. பச்சை விளக்கு எரிந்தது. அவள் எழுந்தபோது கிரிஷாந்தன் ஜீப்பின் அருகே நின்று அவளைக் கையசைத்துக் கூப்பிட்டார். முகம் வெளுத்திருந்தது. குரலைத் தாழ்த்தி, யாராவது கேட்கிறார்களா என்று சுற்றிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"மிஸ், அந்த ரெண்டு கோட்டையும் திரும்பப் போட்டுடுங்க, ப்ளீஸ்... இதே கடுதாசியில இன்னும் ஒம்போது தோட்டத்துல கையெழுத்து வாங்கியிருக்கேன்."